வில்லை ஊறும் நேரம்

"வெதுவெதுப்பா ஊத்துக்கா, கொதிக்கக் கொதிக்க ஊத்திடாத" என்று பாதிப் படியில் நின்று திரும்பிச் சொல்லிவிட்டு பெலிக்ஸ் இறங்கிப் போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது, தெருமுனையில் ஹாரன் ஒருமுறை அடித்தது, பிறகு ஒன்றும் இல்லை. இமெல்டா மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பழைய பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். எதிரே அகலத் தாம்பாளம், அதில் தம்பி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போன வில்லைகள். தென்னை நார்த்தூளை மிஷினில் அழுத்தித் தட்டையாக்கி, கொசுவலை மாதிரி மெல்லிய துணியைச் சுற்றி, நடுவில் ஒரு சிறு குழி வைத்திருந்தார்கள். தண்ணீர் பட்டால் மேலே எழும்பும், விரல் உயரத்துக்கு வரும், குழிக்குள் விதையைப் போட்டு மூடிவிட்டால் மண்ணும் வேண்டாம் தொட்டியும் வேண்டாம், முளைத்த பிறகு அப்படியே தூக்கிப் பையில் நட்டுவிடலாம் என்று போனில் வீடியோ பார்த்து அவன்தான் வரவழைத்தான். பார்சல் வந்த அன்று கத்தரிக்கோலைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் பல்லாலேயே கிழித்தான். ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "மாத்திர மாதிரியே இருக்குல்ல?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காததை அவன் கவனித்தானா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள், இப்போது சொம்பைச் சாய்க்கும்போதும் அதுதான் முதலில் வந்தது, மாத்திர மாதிரியே இருக்குல்ல, ஏன் அப்படிச் சொன்னான், சும்மாத்தான் சொன்னான், யார் பார்த்தாலும் அப்படித்தானே சொல்வார்கள், இவ்வளவு பெரிய மாத்திரையை யாரால் விழுங்க முடியும், அவள் தருவது சின்னது, வெள்ளை, நடுவில் கோடு போட்டது, கல்வத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் மாவாகிவிடும்.

வில்லைகள் தண்ணீரைக் குடித்தன. குடித்தன என்ற வார்த்தை மனதில் வந்ததும் அவள் அதைத் தள்ளினாள், உறிஞ்சின என்று மாற்றிக்கொண்டாள், ஆனால் குடித்தன என்பதுதான் நின்றது. ஓரத்திலிருந்து கருத்துக்கொண்டே வந்து நடுவில் சேர்ந்ததும் ஒவ்வொன்றும் மெல்ல மெல்லத் தலையைத் தூக்கியது. ஈரச் சாக்கு வாசனை எழுந்தது. கழுவிப் போட்ட கால்மிதியின் வாசனை, மழை நாளில் பஸ்ஸுக்குள் அடிக்கும் வாசனை. இமெல்டாவுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் மூக்குதான் போகும். அது பிறவிக் குணம் இல்லை, இந்த ஏழெட்டு வருஷத்தில் வந்தது. கதவைத் திறந்ததும் பெலிக்ஸின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காற்றை இழுத்துப் பார்ப்பாள். ஏலக்காய் வாசனை வந்தால் குடித்திருக்கிறான், பாக்கு வாசனை வந்தால் குடித்திருக்கிறான், ஒரு வாசனையும் வராமல் சோப்பு வாசனை மட்டும் வந்தால் நிறையக் குடித்துவிட்டு எங்கேயோ குளித்துவிட்டு வந்திருக்கிறான். பள்ளிக்கூடத்து கெமிஸ்ட்ரி லேபில் அவள் உதவியாளர், அங்கே பாட்டில்களை மூக்குக்கு நேரே வைக்காமல் கையால் வீசி வீசி முகர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். வீட்டில் அவள் தம்பியின் சட்டைக் காலரை அப்படியே முகத்தில் அழுத்தி முகர்ந்திருக்கிறாள். அவன் பெண்டாட்டி ரெஜினா அதைக்கூடச் செய்யவில்லை, ஒரு நாள் அடுப்பில் கேஸைத் திறந்துவிட்டு இவன் அதன் அடியிலேயே தூங்கிக் கிடந்ததைப் பார்த்த அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டு மணப்பாறைக்குப் போனவள்தான். அவள் மேல் தப்பில்லை. அவளுக்குப் போக ஒரு வீடு இருந்தது. இமெல்டாவுக்கு வீடு இதுதான், மனுசன் இவன்தான். அப்பா அம்மா இரண்டு பேருமே பொன்மலைக் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள், அங்கே பெலிக்ஸுக்கும் இடம் பார்த்து வைத்துவிட்டதுபோல ஒரு நினைப்பு வந்து வந்து போகும், போ சாத்தானே என்று அதை விரட்டுவாள்.

பெலிக்ஸைச் சேர்த்திருந்த குடி மறுவாழ்வு இல்லத்து டாக்டரம்மா அப்போதே சொன்னார். மெலிந்த உடம்பு, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். பெலிக்ஸை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னார். "இப்படி ஒரு மாத்திரை இருக்கு. இதைப் போட்டுட்டு ஒரு வாய் குடிச்சாலும் உடம்பு தூக்கிப் போட்டுடும், மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, செத்துடுவோமோன்னு ஆயிடும். அந்த பயத்துல குடிக்க மாட்டாங்க. சம்மதமா?" பெலிக்ஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். "மாத்திர போட்டு நிறுத்துனா அது நிறுத்துனதா மேடம்? கட்டி வெச்சா நாய் கூடத்தான் கடிக்காது." டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. அவன் வெளியே போன பிறகு இமெல்டாவைப் பார்த்து, "கேட்டுக்கங்க, அவருக்குத் தெரியாம இதைக் கலந்து குடுக்கலாம்னு மட்டும் நினைச்சிடாதீங்க. தெரியாம நிறையக் குடிச்சிட்டார்னா சில பேருக்கு நெஞ்சு நின்னுடும். காப்பாத்தப் போயி நீங்களே கொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். அவள் தலையாட்டினாள். அப்போது அந்த எண்ணம் அவளுக்கு இல்லவே இல்லை. டாக்டரம்மா சொல்லாமல் இருந்திருந்தால் வந்தே இருக்காது, வேண்டாம் என்று சொன்ன வாயிலிருந்துதான் வழி தெரிந்தது என்று பிறகு பலமுறை அந்த அம்மா மேலேயே கோபப்பட்டிருக்கிறாள். ஸ்டாஃப் ரூமில் ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது அழுதாள், விமலா டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரர் என்ன தானா நிறுத்துனார்னு நினைக்கிறியா? ரசத்துல கலந்துடு. நான் வாங்கித் தர்றேன்" என்றாள். அவ்வளவு லேசாகச் சொன்னாள், பெருங்காயம் கலப்பதைச் சொல்வதுபோல.

ஈஸ்டர் முடிந்து பெலிக்ஸ் இல்லத்திலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். லேபில் உடைந்த விளிம்புக்காக ஒதுக்கி வைத்திருந்த பீங்கான் கல்வம் ஒன்று வீட்டில் இருந்தது, அதில்தான் பொடிப்பாள். காப்பியில் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் தெரியாது. முதல் நாள் அவன் டம்ளரை வாயில் வைத்தபோது அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். "சூப்பர்க்கா" என்றான். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பூசையில் எல்லோரும் எழுந்து நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்துகொள்கிறாள். செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக்கூடாது, பாவசங்கீர்த்தனம் செய்தால் ஃபாதர் முதலில் தம்பியிடம் போய்ச் சொல் என்பார். சொன்னால் நிறுத்திவிடுவான், மாத்திரையை மட்டும் இல்லை, திருந்தப் பார்ப்பதையே. அதனால் குனிந்து உட்கார்ந்துகொள்கிறாள். பக்கத்தில் பெலிக்ஸ் எழுந்து போவான், நாக்கை நீட்டி வாங்குவான், கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வருவான். அவள் பக்கம் சாய்ந்து, "உடம்பு சரியில்லயாக்கா?" என்று கேட்பான். ஆமாம்டா, வயிறு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வயிறு.

ஒரு வில்லையைத் தூக்கி லேசாகப் பிழிந்தாள். பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வரைக்கும் ஓடியது. அதிகத் தண்ணீர் இருந்தால் விதை அழுகிவிடும், பிழிந்துதான் விதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். ஈர வலைத் துணிக்குள் நார் பொதபொதவென்று உயிருள்ளதுபோல அமுங்கியது. அன்றைக்குப் பாத்ரூமில் அவன் கழுத்தைத் தாங்கியபோது கைக்கு இப்படித்தான் இருந்தது, வேர்வையில் நனைந்து, உள்ளே நரம்பு துடித்துக்கொண்டு. மூன்று வாரம் இருக்குமா, இருக்கும். சாயங்காலம் வந்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே ஓடினான், வாந்தி எடுக்கும் சத்தம், பிறகு விழும் சத்தம். கதவைத் தள்ளினால் முகம் பீட்ரூட் அறுத்து வைத்ததுபோல் இருந்தது, கண் வெளியே வந்துவிடுவதுபோல், மார்பு சட்டைக்கு மேலாகவே குதிப்பது தெரிந்தது. "அக்கா, நெஞ்சு... நெஞ்ச என்னமோ பண்ணுதுக்கா." அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். போனால் என்ன சாப்பிட்டார் என்று கேட்பார்கள். ஈரத் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டு, எண்ண முடியாத வேகத்தில் அது ஓடும்போது எண்ணுவதை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம், இதற்கு மேல் மோசமானால் போவோம் என்று உட்கார்ந்திருந்தாள். எதற்கு மேல் மோசமானால்? அதை அவள் யோசிக்கவில்லை. இருட்டும் நேரத்தில் அடங்கியது. அப்படியே தூங்கிவிட்டான். மறுநாள் காலையில் எழுந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். "பொய் சொல்ல மாட்டேன்க்கா. வின்சென்ட் குடுத்தான், ஒரே ஒரு மடக்குதான் குடிச்சேன். உடம்பே அத ஏத்துக்கலக்கா. அவ்வளவு வருசம் குடிச்ச உடம்பு, துப்பிடுச்சு. மாதா எம்மேல கை வெச்சிட்டா. நீ மாதாவே மாதாவேன்னு சொன்னது காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு." அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கு வாய் வரை வந்தது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு. அவன் முகத்தைப் பார்த்தாள், அம்மா செத்ததிலிருந்து அப்படி ஒரு முகத்தை அவன் வைத்துப் பார்த்ததில்லை. "ஆமாண்டா, மாதாதான்" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் வேறு ஆளாகிவிட்டான். அதுதான் பயங்கரம். விடிந்ததும் எழுகிறான், ஷேவ் பண்ணுகிறான், பழைய முதலாளியைப் போய்ப் பார்த்து ஏசி மெக்கானிக் வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டான், சனிக்கிழமை தவறாமல் மாதா சிலை வைத்த கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். அப்போதே அவள் மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். நாளையிலிருந்து வேண்டாம் என்று எத்தனை இரவு நினைத்தாள், காலையில் பால் பொங்கும்போது கை தானாகக் கல்வத்தை எடுக்கிறது. இவனுடைய மாதாவை நான் நிறுத்தினால் இவன் என்ன ஆவான். மறுபடி ஒரு மடக்குக் குடித்து, உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டால்? மாதா கையை எடுத்துவிட்டாள் என்றுதானே நினைப்பான்? நேற்று ராத்திரி அந்தக் குடிக் கூட்டாளி வின்சென்ட் போன் பண்ணினான், குழந்தைக்கு ஞானஸ்நானம், நாளை மறுநாள் விருந்து, நீ வராமலா என்று அவன் கத்துவது போனுக்கு வெளியே கேட்டது. "பாக்கறேன்டா" என்றான் பெலிக்ஸ். வர மாட்டேன் என்று சொல்லவில்லை, பாக்கறேன் என்றான். அந்தப் பாக்கறேன் இமெல்டாவைத் தூங்கவிடவில்லை. காலையில் கல்வத்தில் ஒன்றுக்கு இரண்டு போட்டாள். பயம் இரண்டு மடங்கு, அதனால் மாத்திரையும் இரண்டு மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "இன்னைக்கு ஒரு மாதிரி கசக்குதுக்கா, சிக்கிரி மாத்திட்டியா" என்றான். பிறகு காந்தி மார்க்கெட் பக்கம் போய் இதுகளை அடுக்க ஒரு குழித்தட்டு வாங்கிக்கொண்டு உடனே வந்துவிடுகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தான். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கடை இருக்கிறது. கடை என்றால் அவள் வீட்டில் ஒரே கடைதான். வின்சென்ட் வீடும் அந்தப் பக்கம்தான்.

நிழல் நகர்ந்து அவள் பாதத்தில் வெயில் ஏறியிருந்தது. இவ்வளவு நேரமா ஆகிறது ஒரு குழித்தட்டு வாங்க? போனை எடுத்து அடித்தாள். கீழே, வீட்டுக்குள், அவன் போனின் பாட்டு கேட்டது. சார்ஜரில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறான். மறந்தா, விட்டுவிட்டா? முன்பெல்லாம் குடிக்கப் போகும்போது போனை வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவான். பாட்டு முழுவதும் பாடி முடியட்டும் என்று காதில் வைத்துக்கொண்டே இருந்தாள், அது நின்றதும் வீடு வெறிச்சென்று ஆனது. சரி, விதையைப் போடு. கையை வேலையில் வை. கத்தரி விதையை உள்ளங்கையில் கொட்டினாள், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, தட்டையாக, மஞ்சளாக. தீக்குச்சியின் நுனியை நனைத்து விதையை ஒட்டி எடுத்துக் குழியில் இறக்கினாள், ஒன்று முளைக்காவிட்டால் இன்னொன்று என்று இரண்டிரண்டாக, மேலே நாரை இழுத்து மூடினாள். அடுத்தது. அடுத்தது. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது, பாலக்கரைப் பக்கமா, இல்லை, டி.வி.எஸ். டோல்கேட் பக்கம், அது யாருக்கோ, தினமும்தான் போகிறது, திருச்சியில் ஆம்புலன்ஸ் போகாத நாள் உண்டா. சத்தம் தேயும் வரைக்கும் தீக்குச்சியைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு பார்த்தால் இந்த வரிசையில் எதில் போட்டோம் எதில் போடவில்லை என்று தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல மூடியிருந்தது. ஒன்றைக் கிளறினாள், விதை இல்லை. இன்னொன்றைக் கிளறினாள், நான்கு இருந்தன. கிளறக் கிளற வலைத் துணி கிழிந்து நார் பிதுங்கியது. இரண்டு மாத்திரை. ஒன்றுக்கே அந்த முகம், ஒரு மடக்குக்கே அந்த நெஞ்சு. விருந்து நாளைக்கு என்றாலும் வின்சென்ட் இன்றைக்கே ஆரம்பித்திருப்பான், வாடா மச்சான் என்று தோளில் கையைப் போட்டிருப்பான், இவன் வேண்டாம் என்றிருப்பான், ஒரே ஒரு மடக்கு என்றிருப்பான், இவன் வேண்டாம் என்றிருப்பான், பிறகு. அந்தப் பிறகில் போய் அவள் மனசு திரும்பத் திரும்ப முட்டியது. எங்கே விழுந்திருப்பான்? மார்க்கெட்டில் வெங்காயச் சாக்குகளுக்கு நடுவிலா, பாலத்து இறக்கத்தில் வண்டியோடா? குடிகாரன் விழுந்து கிடக்கிறான் என்று தாண்டித்தானே போவார்கள், அவளே எத்தனை பேரைத் தாண்டிப் போயிருக்கிறாள். தூக்கிக்கொண்டு போனாலும் டாக்டருக்கு என்ன தெரியும், எதைச் சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாதே. இப்போது ஆட்டோ பிடித்துப் போனால் என்ன? எந்தக் கடை, எந்தத் தெரு? அவள் போன பிறகு அவன் வந்தால்? எழுந்தாள், சேலையில் ஒட்டிய நாரைத் தட்டினாள், உட்கார்ந்தாள். அவன் பிறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ரயில்வே ஆஸ்பத்திரியில் அம்மா மயக்கத்தில் கிடக்க, நர்ஸ் இவனைத் துணியில் சுற்றி இவள் கையில் கொடுத்துவிட்டு, அசையாமல் உட்காரு, கீழே போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். கை மரத்துப்போகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொசு கடித்தது, மூக்கில் அரித்தது, மூச்சைக்கூடப் பெரிதாக விடவில்லை. ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதியது. அன்றைக்கு ஊதியதா, இப்போது ஊதுகிறதா என்று ஒரு கணம் குழம்பினாள். இப்போதுதான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

படியில் காலடி கேட்டது. வண்டிச் சத்தம் கேட்கவில்லை, அதனால் முதலில் நம்பவில்லை. காலடி சீராக இல்லை, ஒரு படி ஏறி, நின்று, இன்னொரு படி. அவள் எழுந்து நின்றாள். பெலிக்ஸின் தலை தெரிந்தது, பிறகு முகம். முகம் சிவந்து கன்றியிருந்தது. கண் சிவந்திருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் கறுப்புக் குழித்தட்டுகளைக் கட்டாகப் பிடித்திருந்தான், இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடுக்கா" என்றான். அவள் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடினாள், ஆனால் தண்ணீரைக் கொடுக்கவில்லை, அவன் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். ஏதோ அடித்தது. ஸ்பிரிட் மாதிரி, காட்டமாக, மூக்கில் ஏறியது.

"குடிச்சியா?"

"என்னது?"

"குடிச்சியாடா? உண்மையச் சொல்லு. எவ்வளவு குடிச்ச? பெலிக்ஸ், மறைக்காத, இப்ப மறைச்சா செத்துடுவ. இன்னைக்கு ரெண்டு மாத்திர போட்டிருக்கேன்டா, ரெண்டு! வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா..." அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை.

"பஞ்சர்க்கா" என்றான். இன்னும் அவள் சொன்னது அவன் காதுக்குள் போகவில்லை. "பாலத்துக்கிட்ட பஞ்சர். ஒட்டுனான், கொஞ்ச தூரம் வந்ததும் திரும்பப் புடுங்கிக்கிச்சு. சொல்யூசன் கையெல்லாம். வெயில்ல தள்ளிக்கிட்டே வர்றேன்." பிறகு நிறுத்தினான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகப் பின்வாங்குவதை அவள் பார்த்தாள். "என்ன மாத்திர?"

அவன் தோளிலிருந்து அவள் கையை எடுத்தாள்.

"அக்கா. என்ன மாத்திர?"

"டாக்டரம்மா சொன்னாங்களே. அது."

"எதுல?"

"காப்பில. சில நாள் ரசத்துல."

"எப்பலேருந்து?"

"நீ வந்ததுலேருந்து."

அவன் குழித்தட்டுகளைக் குனிந்து தரையில் வைத்தான். கீழே போட்டுவிடாமல், சத்தம் வராமல் வைத்தான். அது அவளைப் பயமுறுத்தியது. கத்தியிருக்கலாம், அடித்திருக்கலாம், முன்பு குடித்துவிட்டு அடித்திருக்கிறான், அதைத் தாங்க அவளுக்குத் தெரியும்.

"அப்ப அன்னைக்கு. நான் பாத்ரூம்ல கெடந்தேனே, அன்னைக்கு."

"அதான்டா."

"ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் தலைய மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்த. தெரிஞ்சுதான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல."

"நீ போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்றாள். சொன்ன பிறகுதான் அது அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை என்று தெரிந்தது.

பெலிக்ஸ் தொட்டிச் சுவரில் சாய்ந்தான். எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான். "வர்ற வழியில கெபிக்குப் போனேன்க்கா. மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன், லேட்டானது அதுலயும்தான். கடை வாசல்ல வின்சென்ட் நின்னான். வாடா, இன்னைக்கே ஆரம்பிப்போம்னான். எம்மேல மாதா கை வெச்சிருக்காடா, என்ன விட்டுடுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சானுங்க. நான் பாட்டுக்கு வண்டியத் தள்ளிக்கிட்டு வந்துட்டேன்." விரலில் காய்ந்திருந்த சொல்யூசனைச் சுரண்டினான். "சிரிச்சது சரிதான்."

"நீயாத்தானேடா வேணாம்னு வந்த. மாத்திர ஒனக்குத் தெரியாதே. அது நீதானே, நீதானே நிறுத்துன..." அவளுக்கு வார்த்தை குழறியது. எவ்வளவு சரியாகச் சொன்னாலும் இனி அது அவனைத் தொடாது என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. "பெலிக்ஸ், கோவத்துல எங்கயும் போயிடாத. நான் இனிமே போட மாட்டேன், சத்தியமா போட மாட்டேன். ஆனா இன்னும் ரெண்டு வாரத்துக்கு அது ஒடம்புலயே இருக்கும். இந்த ரெண்டு வாரம் மட்டும்..."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு கையை நீட்டிச் சொம்பை வாங்கினான். தாகம் அப்படியேதான் இருந்தது, உதடு வெடித்து வெள்ளையாகியிருந்தது. வாயருகே கொண்டுபோனான். நின்றான். தண்ணீரைப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். சொம்பை அவளிடமே நீட்டினான்.

"நீ குடி."

"ஊறப்போடக் கொண்டாந்த தண்ணிடா, ஒண்ணும் இல்ல."

"குடிக்கா."

அவள் குடித்தாள். அண்ணாந்து குடித்தால் அவன் முகம் தெரியாது என்று வாய் வைத்தே குடித்தாள், அவசரத்தில் கழுத்தெல்லாம் வழிந்தது. அவள் தொண்டை ஏறி இறங்குவதை அவன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிச் சொம்பை முடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள். பார்த்தாயா என்பதுபோல, கெஞ்சுவதுபோல நீட்டினாள். பெலிக்ஸ் அதை வாங்கவில்லை. தொட்டியின் அடிக்குழாயைத் திருகி, காலை மடித்துக் குந்தி உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து சுடுகிற தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி ஏந்திக் குடித்தான். பாசி வாடை அடிக்கும் தண்ணீர், துணி அலசக்கூட அவர்கள் அதை எடுப்பதில்லை. வயிறு நிறையக் குடித்துவிட்டு முகத்தைக் கழுவினான். எழுந்தான்.

"மத்தியானம் எனக்கு ஒல வெக்காத."

படியிறங்கிப் போனான். இமெல்டா அதே இடத்தில் நின்று வண்டி கிளம்புகிறதா என்று காது கொடுத்தாள். வண்டி பஞ்சராகி நிற்கிறது, உடனே எங்கும் போக முடியாது என்று நினைவு வந்ததும் ஒரு கணம் மனசு லேசானது, லேசானதை உணர்ந்து அவளுக்கே உடம்பு கூசியது. கீழே அவன் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம். அப்பா காலத்துத் தாழ்ப்பாள் அது, துருவேறி இறுகிப்போனது, இந்த வீட்டில் அதை யாரும் போட்டதே இல்லை. இழுத்தான், வரவில்லை. மறுபடி இழுத்தான். கடைசியில் எதையோ எடுத்து ஓங்கி ஓங்கி அடித்து அதைப் போட்டான்.